ஸ்டூடியோ வாடகை

பிரிட்டிஷ் பாடகி கேட் புஷ்ஷைப் பற்றி யார் எழுதினாலும் ஒரு வரி தவறாமல் வந்துவிடுகிறது: "பதினாறு வயதிலேயே கண்டெடுத்து, இரண்டு வருடம் அவசரப்படுத்தாமல் வளரவிட்டது இஎம்ஐ. இன்றைக்கு எந்தக் கம்பெனிக்கு அந்தப் பொறுமை இருக்கிறது?" 2022-இல் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' என்ற தொடரின் புண்ணியத்தில் அவருடைய பழைய பாட்டு 'ரன்னிங் அப் தட் ஹில்' மறுபடி உலகத்தைச் சுற்றக் கிளம்பியபோது இதை எங்கெங்கோ படித்தேன். அது ஓய்வதற்குள் ரேய் என்ற இன்னொரு பாடகி வந்தார். அவரைப் பற்றி எழுதுகிறவர்களுக்கும் ஒரு வரி உண்டு: "பதினேழு வயதில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஏழு வருடம் ஒரு ஆல்பம்கூடப் போடவிடாமல் உட்காரவைத்தது பாலிடோர்." இரண்டு பேரும் லண்டனின் தெற்குப் பக்கத்தில் வளர்ந்தவர்கள். இரண்டு பேரும் தங்கள் பாட்டைத் தாங்களே எழுதுகிறவர்கள். ஒப்பந்தக் காகிதத்தை மட்டும் பார்த்தால் இரண்டு கம்பெனிகளும் செய்த காரியம் ஒன்றுதான். சின்ன வயதில் பிடித்துப்போட்டன, காத்திருக்கச் சொல்லின. அப்புறம் எதை வைத்து ஒன்றை வளர்ப்பு என்றும் இன்னொன்றைச் சிறை என்றும் சொல்கிறோம்? ஜெயித்ததை வைத்தா? ரேயும்தான் ஜெயித்துவிட்டாரே.

இந்தக் கேள்வி என்னை விடவில்லை. இசைக் கம்பெனி என்றாலே ரத்தம் குடிக்கிற கூட்டம் என்ற பேச்சும், 'அந்தக் காலக் கம்பெனிகள் கலையைப் போற்றின' என்ற பேச்சும் எனக்கு ஒரே அளவுக்குச் சந்தேகமாக இருக்கின்றன. கேட் புஷ்ஷின் முதல் பத்து வருடத்தை ஆற அமரப் பார்த்தால் விஷயம் வேறு எங்கோ இருக்கிறது என்று தோன்றுகிறது.

அந்த இரண்டு வருடம்

ஆரம்பக் கதை பலருக்கும் தெரிந்ததுதான். வெல்லிங்கில் ஒரு பழைய பண்ணை வீடு. அப்பா டாக்டர், பியானோ வாசிப்பார். அம்மா அயர்லாந்துக்காரர். அண்ணன்கள் இருவரும் நாட்டுப்புறப் பாட்டும் கவிதையுமாகத் திரிந்தவர்கள். கடைக்குட்டி பதினோரு, பன்னிரண்டு வயதிலிருந்தே பாட்டாக எழுதித் தள்ளுகிறாள். வீட்டில் பதிவுசெய்த கேசட்டைக் கம்பெனி கம்பெனியாக அனுப்பினார்கள், எதுவும் விற்காது என்று திரும்பி வந்தது. குடும்ப நண்பர் ஒருவர் வழியாக அது பிங்க் ஃப்ளாய்டின் டேவிட் கில்மோர் காதுக்குப் போனது. கில்மோர் 1975-இல் தன் கைக்காசைப் போட்டு, நல்ல ஸ்டூடியோவில் ஆர்கெஸ்ட்ராவோடு பாட்டுகளைப் பதிவுசெய்து கொடுத்தார். அந்தப் பதிவில் இரண்டை மூன்று வருடம் கழித்து முதல் ஆல்பத்தில் அப்படியே சேர்த்தார்கள். பதினாறு வயதுக் குரல், கை வைக்கத் தேவை இருக்கவில்லை. இந்த வரலாற்றில் கில்மோருக்குக் கிடைக்கிற இடம் எனக்கு எப்போதும் குறைவாகவே படுகிறது. கம்பெனி நம்புவதற்கு முன்னால் ஸ்டூடியோ வாடகையைக் கட்டியது அவர்.

1976-இல் இஎம்ஐ ஒப்பந்தம். முன்பணம் 3,000 பவுண்ட் என்பார்கள். பாப் மெர்சர் என்ற இஎம்ஐ அதிகாரி பின்னாளில் சொன்ன கணக்கு எனக்குப் பிடிக்கும். ஆல்பம் உடனே வந்து தோற்றால் பெண் நொறுங்கிவிடுவாள், ஜெயித்தால் அந்த வயதில் தாங்கமாட்டாள், அதனால் கொஞ்சம் வளரட்டும். கம்பெனிக்காரர் வாயிலிருந்து வருகிற யோசனையாக இது அபூர்வம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த இரண்டு வருடத்தில் நடந்தது என்ன என்று பார்க்க வேண்டும். கேட் அந்தப் பணத்தில் நடனம் கற்கப் போனார். லிண்ட்சே கெம்ப் என்ற மைம் கலைஞரின் நிகழ்ச்சியைப் பார்த்து அசந்துபோய், அவர் லண்டனில் நடத்திய வகுப்பில் போய் நின்றார். அதற்கு முன் டேவிட் போயி நின்ற வகுப்பு அது. முதல் ஆல்பத்தின் முதல் பாட்டே கெம்புக்குக் காணிக்கை, திமிங்கிலங்களின் ஓசையோடு தொடங்கும். இன்னொரு பக்கம் ஒரு சின்ன இசைக்குழுவைச் சேர்த்துக்கொண்டு பப்களில் பாடினார். ராத்திரியில் பியானோவோடு உட்கார்ந்து எழுதினார். இத்தனையிலும் கம்பெனி ஆள் வந்து 'இந்த மாதம் என்ன ஆச்சு' என்று கேட்கவில்லை.

அந்த ராத்திரிகளில் ஒன்றில்தான், 1977 மார்ச்சில், முழுநிலவு அடிக்கிற நேரத்தில் 'வதரிங் ஹைட்ஸ்' சில மணி நேரத்துக்குள் வந்து இறங்கியது. எமிலி பிராண்டேயின் நாவலை அவர் அப்போது முழுக்கப் படித்திருக்கவில்லை. வருடங்களுக்கு முன்னால் பிபிசி தொடரின் கடைசிச் சில நிமிடங்களைத்தான் பார்த்திருந்தார். சன்னலுக்கு வெளியே ஒரு கை, உள்ளே விடச் சொல்லிக் கெஞ்சும் குரல், அவ்வளவுதான். நாவலில் செத்துப்போன நாயகி கேதி எப்படிப் பாடுவாள் என்று யோசித்து, அந்த உச்சிக் குரலை எடுத்துக்கொண்டார். கேட்டின் பிறந்தநாளும் எமிலி பிராண்டேயின் பிறந்தநாளும் ஒன்றே, ஜூலை 30. இதற்கெல்லாம் அர்த்தம் தேடுகிற ஆள் நான் இல்லை. ஆனால் விளம்பரத்துறைக்கு அது சர்க்கரையாக இருந்திருக்கும்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, அவர் எதையும் முழுசாக எடுத்துக்கொள்வதில்லை என்பது. ஒரு தொடரின் வால், பழைய திகில் படத்தில் ஒரு குரல், அலமாரியில் கிடந்த ஒரு நினைவுக் குறிப்பு. அந்தத் துணுக்கோடு நெடுநாள் இருந்து, அதற்குள் ஒரு ஆளைக் குடிவைத்து, அந்த ஆளின் வாயால் பாடுவார். முதல் ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு ஒரு பழைய நாட்டுப்புறக் கதைப்பாடலிலிருந்து. 1980-இல் வந்த ஒரு பாட்டில் தாயின் வயிற்றிலிருக்கும் சிசு, அணுகுண்டுக்குப் பிந்தைய காற்றை அஞ்சிப் பேசும். தன் காதலையும் தன் பிரிவையும் எழுதுகிறவர்களுக்கு நேரம் குறைவாகத் தேவை என்று சொல்லவில்லை. ஆனால் இன்னொருவர் தோலுக்குள் புகுந்து பார்க்கிற இந்தமாதிரி எழுத்துக்கு மீட்டர் ஓடாத நேரம் வேண்டும். அது அவருக்கு அந்த இரண்டு வருடத்தில் கிடைத்தது.

முதல் சிங்கிளாக, அதாவது ஆல்பத்துக்கு முன்னால் தனியாக வருகிற பாட்டாக, எதை விடுவது என்ற சண்டையில் கம்பெனி 'ஜேம்ஸ் அண்ட் த கோல்ட் கன்' என்றது, ராக் வாடை உள்ள பாட்டு. கேட் 'வதரிங் ஹைட்ஸ்' என்றார். கண்ணீர்வரை போனது என்று மெர்சரே சொல்லியிருக்கிறார். அவர் ஒரு கட்டத்தில், போகட்டும், விழுந்தாவது பாடம் கற்கட்டும் என்று விட்டுக்கொடுத்தார். 1977 நவம்பரில் வரவேண்டியது. அட்டைப் படம் பிடிக்கவில்லை என்று அதற்கும் கேட் அடம்பிடித்தார். அதற்குள் பால் மெக்கார்ட்னியின் விங்ஸ் குழு பாட்டு கிறிஸ்துமஸ் சந்தையை விழுங்கிவிடும் என்று தெரிந்ததும் ஜனவரிக்குத் தள்ளினார்கள். ஏற்கெனவே வானொலிகளுக்குப் போய்விட்ட பிரதிகளை எடுத்து லண்டன் கேப்பிட்டல் ரேடியோ போட ஆரம்பித்துவிட்டது. மார்ச்சில் முதலிடம், நான்கு வாரம். தானே எழுதிய பாட்டோடு பிரிட்டிஷ் தரவரிசையில் முதலிடம் பிடித்த முதல் பெண். வயது பத்தொன்பது.

கணக்கு மாறியது

பொறுமைக் கதை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இங்கே நிறுத்திவிட்டு 1985-க்குத் தாவிவிடுவார்கள். நடுவில் இருக்கிற வருடங்கள்தான் எனக்குச் சுவாரஸ்யம்.

1978 பிப்ரவரியில் முதல் ஆல்பம். அதே வருடம் நவம்பரில் இரண்டாவது, 'லயன்ஹார்ட்'. நடுவே நாடு நாடாக விளம்பரப் பயணம், தொலைக்காட்சி, பேட்டி. இரண்டு வருடம் காத்திருந்த அதே கம்பெனி இப்போது ஒன்பது மாதத்தில் இன்னொன்று வேண்டும் என்றது. எழுத நேரமில்லை. பத்துப் பாட்டில் பெரும்பகுதியைப் பழைய பெட்டியைத் துழாவித்தான் எடுத்தார்கள். அதில் அவருக்குத் திருப்தி இருந்ததே இல்லை. இஎம்ஐக்குப் பொறுமை இருந்தது என்றால், அது எங்கே போயிற்று? என் எண்ணம் இது: அந்தப் பொறுமை குணத்திலிருந்து வந்தது இல்லை. யாருக்கும் தெரியாத பெண்ணுக்காகக் காத்திருப்பது மலிவு, முன்பணம் சில ஆயிரம் பவுண்டோடு முடிந்துவிட்டது. முதலிடம் பிடித்த பெண்ணுக்காகக் காத்திருந்தால் ஒவ்வொரு மாதமும் வராமல்போகும் பணம் கண்ணுக்குத் தெரியும்.

கேட் இதை வெகு சீக்கிரம் புரிந்துகொண்டார். குடும்பத்தாரை வைத்தே நிர்வாகக் கம்பெனி அமைத்தார். 1979-இல் ஒரே ஒரு சுற்றுப்பயணம் போனார். பாடிக்கொண்டே ஆடுவதற்காகத் தலையில் மாட்டுகிற கம்பியில்லா மைக்கை அப்போதுதான் துணி மாட்டுகிற ஹேங்கரை வளைத்துச் செய்தார்கள். ஒத்திகை நிகழ்ச்சியின்போது ஒளியமைப்பாளர் ஒருவர் விபத்தில் இறந்துபோனார். அதற்கப்புறம் 2014 வரை அவர் முழுநீளக் கச்சேரி எதுவும் செய்யவில்லை. மூன்றாவது ஆல்பத்தில் தயாரிப்பில் பாதிப் பொறுப்பு, நான்காவதில் முழுப் பொறுப்பு.

அந்த நான்காவதுதான் 'த ட்ரீமிங்', 1982. பாடகர் பீட்டர் கேப்ரியல் வழியாக அறிமுகமான ஃபேர்லைட் என்ற கருவி அதற்குள் அவர் கையில் நன்றாகப் பழகிவிட்டிருந்தது. எந்த ஓசையையும் பதிவுசெய்து கீபோர்டில் வாசிக்கலாம், அன்றைக்கு ஒரு வீட்டின் விலை. ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் நிலம் பறிபோன கதை, வியட்நாம் காட்டில் அமெரிக்கச் சிப்பாயை மோப்பம் பிடிக்கிற போராளி, மாயவித்தைக்காரர் ஹூடினியின் மனைவி, கழுதையாகக் கத்துகிற ஒரு வீடு என்று ஒவ்வொரு பாட்டும் ஒவ்வொரு உலகம். லண்டனின் டவுன்ஹவுஸ், அபி ரோடு, ஒடிஸி, அட்விஷன் என்று ஸ்டூடியோ ஸ்டூடியோவாக மாறி மாறிப் பதிவு. எல்லாம் மணிக்கணக்கு வாடகை.

மணிக்கணக்கு வாடகை என்றால் என்ன என்பது எனக்கு என் நண்பர் ஒருவர் வழியாகத் தெரியும். சினிமாவுக்கு வெளியே, சொந்தமாக நாலு பாட்டுப் போட வேண்டும் என்று சேமித்த காசோடு வடபழனிப் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் கால்ஷீட் எடுத்தார். நானும் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன். பல்லவியில் ஒரு இடம் அவருக்கு ஒப்பவில்லை. வேறுமாதிரி பாடிப் பார்க்கலாமா என்று ஆரம்பித்தவர், பாதியில் 'வேண்டாம், இதுவே இருக்கட்டும்' என்றார். வெளியே டீ குடிக்கும்போது சொன்னார்: "பாட்டு நல்லா வந்துச்சா இல்லையானே காதுல விழலண்ணே. சுவத்துல இருந்த கடிகாரம்தான் விழுந்துது." அந்தப் பாட்டில் அந்த இடம் இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. கேட்கும்போதெல்லாம் எனக்கு அங்கே உறுத்தும்.

'த ட்ரீமிங்' தரவரிசையில் மூன்றாம் இடம்வரை போனது, ஆனால் முந்தையவை அளவுக்கு விற்கவில்லை. தலைப்புப் பாட்டு சிங்கிளாக வந்து 48-இல் நின்றது. அடுத்த சிங்கிள் முதல் 75-க்குள்ளேயே வரவில்லை. செலவு மட்டும் ஏகத்துக்கு. கம்பெனிக்குள் முணுமுணுப்பு: தன் ஆல்பத்தைத் தானே தயாரிக்க விட்டதுதான் தப்பு, அடுத்ததற்கு ஒரு நல்ல தயாரிப்பாளரைப் போடுவோம்.

கொட்டகை

திருப்பம் இங்கேதான். இந்த இடத்தில் அவருக்கு மூன்று வழிகள் இருந்தன. கம்பெனி காட்டுகிற தயாரிப்பாளரை ஏற்றுக்கொள்வது. கம்பெனியோடு சண்டை போடுவது, வழக்குக்குப் போவது. பத்து வருடம் கழித்து பாடகர் ஜார்ஜ் மைக்கேல் தன் கம்பெனியான சோனியை நீதிமன்றத்துக்கு இழுத்தார், 1994-இல் தோற்றார், நடுவில் போன வருடங்கள் போனதுதான். கேட் மூன்றாவது வழியை எடுத்தார். பெற்றோரின் பண்ணை வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகைக்குள் 48 டிராக் ஸ்டூடியோ ஒன்றைக் கட்டினார். சின்ன வயதில் அவர் வாசித்துப் பழகிய பழைய ஆர்மோனியம் கிடந்ததும் அந்தக் கொட்டகையில்தான். லண்டனை விட்டு ஊர்ப்புறத்துக்குக் குடிபோனார். மறுபடி நடன வகுப்பில் சேர்ந்தார், தோட்டம் போட்டார், சாப்பாட்டைச் சரிபண்ணிக்கொண்டார். பத்திரிகைகளில் அவர் பேரே இல்லை. ஒரு பிரபல இசை வார இதழ் 'இவர்களெல்லாம் இப்போது எங்கே' என்ற பகுதியில் அவரைச் சேர்த்துவிட்டது, புதுப் பாட்டு வெளிவரப்போகிற சமயத்தில்.

ஸ்டூடியோ கட்டியதில் பண மிச்சம் ஒரு பக்கம். வேலை செய்கிற முறையே மாறியது என்பதுதான் பெரிது. அதுவரை எல்லோரும் செய்தது என்ன? வீட்டில் டெமோ, அதாவது மாதிரிப் பதிவு. பிறகு பெரிய ஸ்டூடியோவுக்குப் போய் அதை முதலிலிருந்து புதிதாகப் பதிவுசெய்வது. டெமோவில் இருந்த உயிர் பாதி வழியிலேயே போய்விடும், அதைத் திரும்பக் கொண்டுவரத்தான் மணிக்கணக்கு ஓடும். கொட்டகையில் அவர் டெமோவைத் தூக்கிப்போடவே இல்லை. ஃபேர்லைட்டில் முதல் தடவை வாசித்ததே அடித்தளம். பேஸ் கிதார் கலைஞர் டெல் பாமர் லின் டிரம் என்ற தாள இயந்திரத்தில் போட்ட தாளம் அப்படியே. அதன்மேல் ஸ்டூவர்ட் எலியட்டின் டிரம்ஸ், அண்ணன் பேடியின் பாலலைக்கா, ஆலன் மர்ஃபியின் கிதார். 'ரன்னிங் அப் தட் ஹில்'லின் அந்தக் குதிரைக் குளம்பு ஓட்டமும், செல்லோ மாதிரி அழுகிற அந்த ஃபேர்லைட் வரியும் 1983 கோடையில் வீட்டில் உருவானவை. இரண்டு வருடம் அவை கெடாமல் இருந்ததற்குக் காரணம் யாரும் அவற்றை 'சரியான' ஸ்டூடியோவுக்குத் தூக்கிக்கொண்டு போகாததுதான்.

துணுக்குகளோடு வாழ்வதற்கும் இப்போது நேரம் இருந்தது. 'கிளவுட்பஸ்டிங்' பாட்டு, வில்ஹெல்ம் ரைக் என்ற மனோதத்துவ விஞ்ஞானியைப் பற்றி அவர் மகன் பீட்டர் எழுதிய நினைவுக் குறிப்பிலிருந்து வந்தது. மழை வரவழைக்கிற இயந்திரமும், அப்பாவைப் பிடித்துக்கொண்டு போகிற அரசாங்கக் காரும் அந்தச் சிறுவன் கண்ணால் தெரியும். அந்தப் புத்தகத்தைக் கேட் படித்தது ஒன்பது வருடத்துக்கு முன்னால் என்பார்கள். 'ஹவுண்ட்ஸ் ஆஃப் லவ்' என்ற தலைப்புப் பாட்டின் தொடக்கத்தில் வருகிற பேச்சுக் குரல் 1957-இல் வந்த ஒரு பேய்ப் படத்திலிருந்து. ஆல்பத்தின் இரண்டாம் பக்கம் முழுவதும் ஒரே கதை: கப்பலிலிருந்து விழுந்த ஒரு பெண், இரவு, கடல், உயிர்ச்சட்டையின் சின்ன விளக்கு, தூங்கிவிடக் கூடாது. அதற்குள் அயர்லாந்து போய், அம்மாவின் நாட்டு இசைக்கலைஞர்களை வைத்து ஒரு துள்ளல் நடனப் பாட்டுப் பதிவு. ஜெர்மன் இயக்குநர் ஹெர்சாக்கின் படம் ஒன்றில் கேட்ட ஜார்ஜிய நாட்டுப்புறப் பாட்டு மனதைவிட்டுப் போகாமல், அதை ஒரு பாடகர் குழுவை வைத்து, 'ஹலோ எர்த்' பாட்டின் நடுவே, தான் எழுத முடியாமல் விட்டிருந்த இடைவெளியில் வைத்தார். எழுத வராத இடத்தை எழுத வராமலே மாதக்கணக்கில் விட்டுவைப்பதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! வாடகை ஸ்டூடியோவில் அந்த இடத்தில் ஏதோ ஒரு கிதார் வந்து உட்கார்ந்திருக்கும்.

எல்லாம் முடிந்து கம்பெனிக்கு ஆல்பத்தைப் போட்டுக் காட்டினார்கள். முதல் சிங்கிளாக அவர்கள் நினைத்தது 'கிளவுட்பஸ்டிங்'. கேட் கேட்டது 'எ டீல் வித் காட்'. ஆம், பாட்டின் பேர் அதுதான். ஆணும் பெண்ணும் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ள வேண்டுமானால் இடம் மாறிப் பார்க்க வேண்டும், அதற்குக் கடவுளோடு ஒரு பேரம். இஎம்ஐ பயந்தது. தலைப்பில் கடவுள் இருந்தால் இத்தாலி, பிரான்ஸ், அயர்லாந்து மாதிரி மதப்பற்று மிகுந்த நாடுகளில் வானொலியில் போடமாட்டார்கள் என்றது. பின்னாளில் பிபிசி வானொலியில் இதைப் பற்றிப் பேசியபோது கேட் அது அபத்தமாகத்தான் பட்டது என்றார். ஆனாலும் முந்தைய ஆல்பம் சரியாகப் போகாத நிலையில், இரண்டு மூன்று வருட உழைப்பை ஒரு தலைப்புக்காகப் பணயம் வைப்பானேன் என்று மாற்றிக்கொண்டாராம். பழைய பேர் அடைப்புக்குறிக்குள் போயிற்று. மாற்றியதில் அவருக்கு வருத்தம் இருந்தது.

இதைத் தோல்வி என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பத்தொன்பது வயதில் அவர் சிங்கிளுக்காகக் கண்ணீர்விட்டும் அட்டைப் படத்துக்காக அடம்பிடித்தும் சண்டை போட்டார், ஏனென்றால் மற்ற எதுவும் அவர் கையில் இல்லை. இருபத்தேழு வயதில் தலைப்பை விட்டுக்கொடுக்க முடிந்தது, ஏனென்றால் பாட்டுக்குள் இருக்கிற ஒரு நொடியையும் யாரும் தொட முடியாது. கம்பெனிக்கு விட்டுக்கொடுக்கத் தன்னிடம் என்ன இருக்கிறது, எது இல்லை என்று தெரிந்த ஆளின் பேரம் அது. 1985 ஆகஸ்டில் சிங்கிள் மூன்றாம் இடம். செப்டம்பரில் 'ஹவுண்ட்ஸ் ஆஃப் லவ்' ஆல்பம் மடோனாவை இறக்கிவிட்டு முதலிடம். வேறு தயாரிப்பாளர் பேச்சை அதற்கப்புறம் யாரும் எடுக்கவில்லை.

கொட்டகை இல்லாதவர்கள்

இந்தக் கதையை ஒரு நண்பரிடம் சொன்னபோது அவர் சட்டென்று கேட்டார்: "டாக்டர் வீட்டுப் பொண்ணு, பின்னாடி கொட்டகை. எல்லாருக்கும் இருக்குமா?" நியாயமான கேள்வி. 'தனித்த மேதை' என்று எழுதுகிற கட்டுரைகள் கொட்டகையைச் சொல்லும், கொட்டகை யாருடையது என்று சொல்லாது. தவிர, அந்த ஸ்டூடியோவுக்கான காசு இஎம்ஐ வெளியிட்ட பாட்டுகளின் ராயல்டியிலிருந்து வந்தது. ஆக, கம்பெனியிடமிருந்து விடுதலை வாங்கிய பணமும் கம்பெனி வழியாக வந்ததே.

ரேய்க்கு வருவோம். 2014-இல் பாலிடோரோடு நான்கு ஆல்பத்துக்கு ஒப்பந்தம். ஏழு வருடத்தில் ஒரு ஆல்பமும் வரவில்லை. வந்ததெல்லாம் சிங்கிள்களும் குறும்பதிவுகளும், டிஜேக்களின் ஆட்டப் பாட்டுகளில் குரலும். 2021 ஜூன் மாதக் கடைசியில் அவர் ட்விட்டரில் அழுது தீர்த்ததைப் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்: ஆல்பம் ஆல்பமாகப் பாட்டுகள் கோப்புகளில் தூசி படிந்து கிடக்கின்றன, அவற்றைப் பெரிய பெரிய பாடகர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன், நான் தகுதியானவள் என்று யாரோ உறுதி சொல்வதற்காகக் காத்திருக்கிறேன். ஒரு சிங்கிளின் எண்ணிக்கை நன்றாக வந்தால்தான் ஆல்பத்துக்குப் பச்சைக்கொடி என்ற நிலை.

என் கேள்விக்கு இங்கேதான் பாதி விடை கிடைத்தது. இஎம்ஐ கொடுத்த இரண்டு வருடத்தில் மீட்டர் ஓடவில்லை. பாலிடோரின் ஏழு வருடத்தில் ஒவ்வொரு வாரமும் ஓடியது, ஸ்ட்ரீம் எண்ணிக்கையாக. 1977-இல் ஒரு பெண் பப்பில் பாடியது எத்தனை பேருக்குப் பிடித்தது என்று எந்தத் திரையிலும் தெரியாது. 2017-இல் தெரியும், நொடிக்கு நொடி. மெர்சரைவிடப் பாலிடோர் அதிகாரிகள் கெட்டவர்களாக இருக்க வேண்டியதில்லை. எண்ணைப் பார்க்க முடிகிறவர்கள் பார்த்துக்கொண்டேதான் இருப்பார்கள். எண்ணிக்கைக்காக எழுதுகிற பாட்டில் இன்னொருவர் தோலுக்குள் போவதற்கோ, தன் தோலுக்குள்ளேயே ஆழமாகப் போவதற்கோ நேரம் ஏது?

கம்பெனியை விட்டு வெளியே வந்ததும் ரேய் போட்ட ஆல்பத்தில் அவர் தன் தோலுக்குள்ளேதான் போனார். போதை, உடல் மீதான வெறுப்பு, இசைத் துறையில் நடந்த பாலியல் வன்முறை. கூசாமல், ஆனால் கிண்டலும் ஜாஸும் கலந்து. அதிலிருந்து வந்த 'எஸ்கேப்பிசம்' பாட்டு 2023 ஜனவரியில் முதலிடம், பிப்ரவரியில் ஆல்பம். 2024-இல் பிரிட்டிஷ் இசைத்துறையின் பிரிட் விருதுகளில் ஒரே இரவில் ஆறு, அதற்கு முன் யாரும் நான்கைத் தாண்டியதில்லை. பாட்டியை மேடைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அவருக்கு ஸ்டூடியோ வாடகை கட்டியது எது என்று தேடினால், தூசி படிந்த அதே பாட்டுகள்தான். பியான்சேவுக்கும் லிட்டில் மிக்ஸுக்கும் எழுதிக்கொடுத்ததில் வந்த பெயரும் வருமானமும் இல்லாமல் அவர் துணிந்து வெளியே வந்திருப்பாரா, தெரியாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 'கம்பெனியே இல்லாமல் ஜெயித்தார்' என்று எழுதுகிறார்கள். அவர் ஆல்பத்தை விநியோகித்த ஹ்யூமன் ரீ சோர்சஸ் என்ற நிறுவனம் சோனிக்குச் சொந்தமானது. வித்தியாசம் ஒப்பந்தத்தின் தன்மையில் இருக்கிறது. விநியோக ஒப்பந்தத்தில் எதை, எப்போது, எந்த வரிசையில் விடுவது என்பது பாடகர் முடிவு. அவர்கள் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள், பங்கு எடுத்துக்கொள்வார்கள். பெரிய கம்பெனியின் வண்டிதான், சாவி மட்டும் ரேய் கையில்.

கொட்டகையும் இல்லாமல், பெரிய பாடகர்களுக்கு எழுதிக்கொடுக்கிற வாய்ப்பும் இல்லாமல் அந்த ஏழு வருடத்தில் மாட்டிக்கொண்டவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? அவர்களைப் பற்றி எந்த வரியும் நமக்குப் படிக்கக் கிடைப்பதில்லை. வடபழனி நண்பர் இப்போது பாட்டை விட்டுவிட்டார். விளம்பரங்களுக்குக் குரல் கொடுக்கிறார்.

கேட் புஷ் அதற்கப்புறம் எடுத்துக்கொண்ட நேரங்களைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். 1989-இல் 'த சென்சுவல் வேர்ல்ட்' பாட்டுக்கு ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிசிஸ்' கடைசிப் பக்கங்களை அப்படியே பாட ஆசைப்பட்டார். ஜாய்ஸின் வாரிசுகள் அனுமதி தரவில்லை, சொந்தமாக எழுதிப் பாடினார். விட்டுவிடவில்லை. 2011-இல் மறுபடி கேட்டு அனுமதி வாங்கி, ஜாய்ஸின் வரிகளோடு அதே பாட்டைப் புதிதாகப் பாடி வெளியிட்டார், ஃபிஷ் பீப்பிள் என்ற தன் சொந்த லேபிளில். 1993-க்கும் 2005-க்கும் நடுவே பன்னிரண்டு வருடம் ஆல்பமே கிடையாது. மகனை வளர்த்துக்கொண்டிருந்தார்.

அந்த இடைவெளிகளுக்கெல்லாம் பிறகுதான் 2022. 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' நான்காம் பருவத்தில் மேக்ஸ் என்ற பெண்ணின் காதில் அந்தப் பாட்டு. பழைய பாட்டுகளின் ஸ்ட்ரீமைக் குறைத்து எண்ணுகிற விதி பிரிட்டிஷ் தரவரிசையில் உண்டு. கூட்டம் கட்டுக்கடங்காமல் போனதால் இதற்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள். ஜூன் 17-இல் முதலிடம், வெளியாகி 37 வருடம் கழித்து. அவருடைய முந்தைய முதலிடத்துக்கும் இதற்கும் 44 வருட இடைவெளி. வயது 63. அதற்குள் இஎம்ஐ என்ற கம்பெனியே உடைந்து, 2012-இல் ஒரு பங்கு யுனிவர்சலுக்கும் பிறகு இன்னொரு பங்கு வார்னருக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. கொட்டகைப் பதிவின் உரிமை மட்டும் கேட்டின் சொந்த நிறுவனமான நோபிள் அண்ட் பிரைட்டிடம் இருந்தது. விநியோகித்த வார்னருக்குக் கூலி, பெரும்பங்கு பாட்டுக்காரிக்கு.

அவருடைய கடைசிப் புது ஆல்பம் வந்தது 2011 நவம்பரில். 2024 அக்டோபரில் பிபிசி வானொலியில் பேசும்போது புதிய ஆல்பத்தில் இறங்க ஆசை இருக்கிறது, யோசனைகள் நிறைய இருக்கின்றன என்றார். எப்போது என்று சொல்லவில்லை. கேட்பதற்கு அவருக்கு மேலே கம்பெனி எதுவும் இல்லை.